இசைத்தட்டில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இசைத்தட்டு. "இந்தக் காலத்தில் இசைத்தட்டா?" என்று பிள்ளைகள் சிரிக்கக்கூடும். பாட்டெல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் நம் தோட்டங்களில் இன்னும் சில வீடுகளில், அலமாரியின் மேலோ கட்டிலுக்கு அடியிலோ, தாத்தா காலத்துப் பிளேயர் ஒன்றும் ஒரு கட்டு இசைத்தட்டுகளும் இருக்கவே செய்கின்றன. துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். எடுத்துப் போட்டால் பாட்டு வருகிறது. பாட்டோடு இரைச்சலும் வருகிறது. "பழசாகிப் போச்சு, தூக்கிப் போடு" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்.

தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? இசைத்தட்டிலிருந்தா, ஊசியிலிருந்தா, கம்பியிலிருந்தா, பெட்டியிலிருந்தா, வீட்டு மின்சாரத்திலிருந்தா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு காதும் கொஞ்சம் பொறுமையும் போதும். இதை நாங்கள் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

2019-ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் போயிருந்தோம். லயன் வீடு. அப்பாவும் அம்மாவும் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்கள். பாட்டி ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, மூலையில் துணி போர்த்தியிருந்த ஒரு சாமானைக் காட்டினார்.

"சார், இதைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுத்திடலாம்னு இருக்கேன். நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

துணியை விலக்கினால் பிளேயர் ஒன்று, அம்ப்ளிஃபையர் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். பாட்டியின் கணவர் அந்தத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். 1979-இல், மாற்றலாகிப் போன கிராணியார் ஒருவரிடமிருந்து இவற்றைத் தவணையில் வாங்கினாராம். தாத்தா காலமான பிறகு, ஆண்டுக்கொரு முறை அவர் நினைவு நாளன்று மட்டும் அவருக்குப் பிடித்த தட்டுகளைப் போடுவது அந்த வீட்டு வழக்கம். அந்த ஆண்டு போட்டபோது பாட்டே கேட்கவில்லை, இரைச்சல்தான் கேட்டது. மாணவியின் அண்ணன் பட்டணத்துக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அது அந்த வீட்டின் இரண்டு மாத மளிகைச் செலவுக்குச் சமம்.

நாங்கள் மின்சாரப் பொருள் பழுதுபார்க்கிறவர்கள் அல்லர். ஆனால் வகுப்பில் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கும்போது ஒரு பாடம் நடத்துகிறோம்: மாறிகளைக் கட்டுப்படுத்துதல். ஒரு சோதனையில் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மற்றவற்றை அப்படியே வைத்திருக்கவேண்டும். அப்போதுதான் எதனால் எது நடந்தது என்று தெரியும். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பில் சொல்வதை வீட்டில் செய்து பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். மாணவியைக் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பக்கத்தில் உட்கார வைத்தோம்.

முதலில் இரைச்சலுக்குப் பெயர் வைத்தோம். எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. காது கொடுத்துக் கேட்டால் நான்கு வகை தெரியும். "உம்ம்" என்று வண்டு போல் இடைவிடாமல் வருவது ரீங்காரம். கடுகு வெடிப்பது போல் வருவது பொரிச்சல். தூரத்தில் லோரி போவது போல் அடிவயிற்றில் கேட்பது உறுமல். சத்தத்தைக் கூட்டும்போது திடீரென்று எழுந்து வளர்ந்துகொண்டே போவது ஊளை. பாட்டியின் பிளேயரில் இந்த நான்குமே இருந்தன! மாணவி நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டு நான்கு பெயரையும் எழுதிக்கொண்டாள்.

முதல் கட்டம் ரீங்காரம்.

இசைத்தட்டே போடாமல், தட்டைச் சுற்றவும் விடாமல், அம்ப்ளிஃபையரை மட்டும் போட்டோம். "உம்ம்" என்று வந்தது. ஆக, இதற்கும் இசைத்தட்டுக்கும் சம்பந்தமில்லை. ஒரே சோதனையில் தாத்தாவின் தட்டுகள் எல்லாம் இந்தக் குற்றத்திலிருந்து விடுதலையாகிவிட்டன.

அடுத்து, அம்ப்ளிஃபையரில் எந்தக் கருவியின் ஒலி வரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் திருகை 'ஃபோனோ' என்ற இடத்திலிருந்து 'டியூனர்' என்ற இடத்துக்குத் திருப்பினோம். ரீங்காரம் நின்றது. மறுபடி 'ஃபோனோ'வுக்குத் திருப்பினோம், மறுபடி வந்தது. இதனால் என்ன தெரிகிறது? ஸ்பீக்கர் நல்லது, அம்ப்ளிஃபையரின் பெரும்பகுதியும் நல்லது. பிளேயரிலோ, அதிலிருந்து வரும் கம்பியிலோ, அது சேரும் வாயிலிலோதான் கோளாறு. கடைக்காரர் மாற்றச் சொன்னவற்றில் பாதி, ஒரு திருகைத் திருப்பியதிலேயே தப்பித்துக்கொண்டன.

இந்த இடத்தில் ரீங்காரம் ஏன் வருகிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. அதன் அழுத்தம் 230 வோல்ட். காந்த வகை ஊசித்தலை உண்டாக்கும் மின்சாரமோ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் நாலைந்து பங்குதான். இரண்டுக்கும் 40,000 மடங்குக்கு மேல் வித்தியாசம். கூட்டமான சந்தையில் குழந்தை ஒன்று காதில் இரகசியம் சொல்வதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். போதாதற்கு, இசைத்தட்டைச் செய்யும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே பதிக்கிறார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் அகலமாகி ஒரு பக்கத்தில் நிறையப் பாட்டுக் கொள்ளாது. குறைத்ததை அம்ப்ளிஃபையர் திரும்பவும் உயர்த்திக் கொடுக்கிறது. 1954-இல் அமெரிக்காவில் வகுத்த அளவு ஒன்றையே பின்னர் உலகெங்கும் பின்பற்றினார்கள். அந்த அளவின்படி, 50 அலைவு கொண்ட தாழ்ந்த ஒலி நடுத்தர ஒலியைவிட ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படுகிறது. ஆகவே மின்சாரத்தின் நிழல் சிறிது விழுந்தாலும் 'ஃபோனோ' வழியில் அது பெரிதாகக் கேட்கும்.

அந்த நிழல் விழாமல் இருக்க, பிளேயரிலிருந்து இரண்டு ஒலிக் கம்பிகளோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பி வரும். அதன் நுனியில் கவை போன்ற சிறு தகடு இருக்கும். அதை அம்ப்ளிஃபையரின் பின்புறமுள்ள திருகாணியில் மாட்டவேண்டும். அது மாட்டியிருக்கிறதா என்று கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. ஊசிக்கையின் உலோகப் பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் ரீங்காரம் குறைந்தால், அந்தக் கம்பி தன் வேலையைச் செய்யவில்லை. உங்கள் உடம்பு அந்த வேலையைச் செய்கிறது என்று பொருள். மாணவி தொட்டாள், குறைந்தது. விரலை எடுத்தாள், கூடியது. எல்லாவற்றையும் அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் எடுத்துவிட்டுப் பின்புறம் பார்த்தோம். அந்த மெல்லிய கம்பி சிலந்தி வலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. தகடு ஒடிந்திருந்தது. கம்பி நுனியைச் சீவித் திருகாணியில் முறுக்கினோம். மறுபடி போட்டபோது ரீங்காரம் பெரும்பாலும் போய்விட்டது. செலவு ஒரு காசுகூட இல்லை.

மிச்சம் கொஞ்சம் இருந்தது. பிளேயர் அம்ப்ளிஃபையரின் தலைமேலேயே உட்கார்ந்திருந்தது. அம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் மின்மாற்றி காந்தப் புலத்தை வெளியே விடும்; காந்த ஊசித்தலை அதை வாங்கிக்கொள்ளும். பிளேயரை இரண்டு முழம் தள்ளி வைத்தோம். ஒலிக் கம்பியையும் மின்சாரக் கம்பியையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள், அவிழ்த்துப் பிரித்துவிட்டோம். முதல் கட்டத்தில் மாணவி சரி என்று குறி போட்டாள்.

நேயர்களே, இங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பியது.

கம்பிகளைப் பிரிக்கும்போது, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் நீட்டிப்புக் கம்பியைப் பார்த்தோம். அதன் பிளக் புதிதாகத் திறந்து மூடியது போல் இருந்தது. அண்ணனைக் கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எர்த் கம்பியை எடுத்துட்டா சத்தம் போயிடும்னு கூட்டாளி ஒருத்தன் சொன்னான் சார். பச்சைக் கம்பியை வெட்டிட்டேன். கொஞ்சம்கூடக் குறையல. மறுபடி மாட்ட மறந்துட்டேன்."

அந்த நீட்டிப்புக் கம்பி அம்ப்ளிஃபையருக்கு மட்டும் அல்ல. அதே கம்பி சமையலறைக்குள்ளும் போனது. அதில்தான் உலோக உடம்பு கொண்ட சோறாக்கும் மின்சாரப் பானையை மாட்டியிருந்தார்கள்.

நாங்கள் பாட்டியைப் பார்த்தோம். பாட்டி சாதாரணமாகச் சொன்னார்: "ஆமா சார், கொஞ்ச நாளாத் தொட்டா சிலுக்குனு இருக்கு. வயசானா நரம்புத் தளர்ச்சி வருமாமே, அதுன்னு நினைச்சேன்."

உடனே பிளக்கை எடுக்கச் சொன்னோம். அன்று மாலையே சான்றிதழ் பெற்ற வயர்மேன் ஒருவரை வரவழைத்தோம். அவர் புது நீட்டிப்புக் கம்பி போட்டு, பானையை அதில் மாட்டிச் சுவிட்சைத் தட்டியதும், மின்கசிவைக் கண்டு தானே விழும் சுவிட்சு 'டப்' என்று விழுந்தது. பானைக்குள் கம்பியின் காப்பு கெட்டு, மின்சாரம் உலோக உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. எர்த் கம்பி இருந்திருந்தால் முதல் நாளே அந்தச் சுவிட்சு விழுந்து எச்சரித்திருக்கும். கம்பியை வெட்டியதால், எச்சரிக்கைக்குப் போகவேண்டிய மின்சாரம் பானையிலேயே ஒரு கை வந்து தொடட்டும் என்று காத்திருந்தது. பாட்டி அடுப்படியில் எப்போதும் ரப்பர் சிலிப்பர் போட்டிருப்பார். அதனால் சிலுக்கென்றதோடு போயிற்று. ஈரத் தரையில் வெறுங்காலோடு அந்தச் சின்னப் பிள்ளை தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவர் முகத்திலேயே அது தெரிந்தது.

பெற்றோர்களே, இளைஞர்களே, இதை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிளேயரின் பின்புறம் இருக்கும் மெல்லிய கம்பி வேறு. சுவர் பிளக்கில் இருக்கும் பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி வேறு. முதலாவது பாட்டுக்காக. இரண்டாவது உயிருக்காக. சில வீடுகளில் இரண்டாவதை எடுத்தால் ரீங்காரம் குறையவும் கூடும். அதனால்தான் இந்தத் தவறான வழி ஊரெல்லாம் பரவியிருக்கிறது. குறைந்தாலும் செய்யாதீர்கள். எந்தப் பொருளைத் தொட்டாலும் சிலுக்கென்றால், அதை நரம்புத் தளர்ச்சி என்று விடாதீர்கள். அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். பிளக்கையும் சுவர்க் கம்பியையும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மறுநாள் மீதி மூன்று கட்டங்களுக்குத் திரும்பினோம்.

இரண்டாவது கட்டம் பொரிச்சல். இது இசைத்தட்டைப் போட்டால் மட்டும் வந்தது. ஆகவே தட்டையும் ஊசியையும் விசாரிக்க வேண்டும். இதற்குக் கைக்கடிகாரம் போதும். பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும். அதாவது 18 விநாடிக்குச் சரியாக 10 சுற்று. 45 சுற்றுத் தட்டு 4 விநாடிக்கு 3 சுற்று. பழைய 78 சுற்றுத் தட்டு 10 விநாடிக்கு 13 சுற்று. பெரிய தட்டில் 'டக், டக்' என்ற சத்தம் 18 விநாடிக்கு 10 முறை வந்தால், அது தட்டின் மேல் விழுந்த கீறல். ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அதே கீறலைத் தாண்டுகிறது. தாளம் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடித்தால், அது தூசி அல்லது பூஞ்சணம். கீறலைப் போக்க முடியாது. தூசியைப் போக்கலாம். மாணவி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். மூன்று தட்டுகளில் மட்டும் கீறல், மற்றவற்றில் பூஞ்சணம். தகரக் கூரையின் வெப்பமும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய பஞ்சுத் துணியால், பள்ளங்கள் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைத்தோம். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நனைக்கவில்லை. பிறகு வெறும் வடித்த நீரால் துடைத்து, நிழலில் நிறுத்திக் காய வைத்தோம். உங்கள் வீட்டில் 78 சுற்றுத் தட்டு இருந்தால் ஒரு எச்சரிக்கை: அவற்றில் பெரும்பாலானவை அரக்குக் கலவையால் செய்தவை. ஸ்பிரிட்டும் சாராயச் சத்துள்ள திரவமும் பட்டால் அரக்குக் கரைந்துபோகும். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் வெப்பத்தில் வளையும்.

ஊசியின் நுனியில் பஞ்சு போல் அழுக்கு அப்பியிருந்தது. அதை மெல்லிய தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைக்க வேண்டும். அப்போதுதான் ஊசித்தலையின் மேல் ஏதோ ஒட்டியிருப்பதைக் கவனித்தோம். பழைய ஒட்டு நாடாவுக்குள் ஒரு 20 காசு!

பாட்டி சிரித்தார். "அவருக்குப் பிடிச்ச தட்டு ஒண்ணு. ஒரு இடத்தில தாண்டித் தாண்டிப் போகும். அதுக்குத்தான் காசு வச்சாரு."

அந்தக் காலத்தில் பல வீடுகளில் செய்த வைத்தியம் இது. ஊசி தாண்டாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1967-இல் வெளிவந்த அந்த வரிசை 20 காசின் எடை ஐந்தரைக் கிராமுக்கு மேல். இந்த மாதிரி ஊசித்தலை தாங்கி ஓட வேண்டிய எடையோ ஏறக்குறைய 2 கிராம். காசையும் சேர்த்தால் மூன்றரை மடங்குக்கு மேல் பாரம். பாரம் கூடினால் பள்ளத்தின் சுவர் தேயும். தேய்ந்த பள்ளத்தில் 'சர்ர்' என்ற கரகரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். தாத்தா மிகவும் விரும்பிக் கேட்ட தட்டுகளே மிகவும் தேய்ந்திருந்தன. அவற்றில் மூன்று நான்கைத் துடைத்தும் பயனில்லை. அதைப் பாட்டியிடம் மறைக்காமல் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் கேட்டுத் தேஞ்சதுதானே சார்" என்றார்.

ஊசி தாண்டினால் பாரம் வைப்பதற்கு முன், பிளேயர் சமமாக இருக்கிறதா, ஊசிக்கையின் பின்னாலுள்ள எடை சரியாகத் திருகியிருக்கிறதா, ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வைர முனைகூடச் சில நூறு மணி முதல் ஆயிரம் மணி நேரம் வரைதான் உழைக்கும். சில பழைய பிளேயர்களில் ஊசித்தலையின் பக்கத்தில் சிறு நெம்பு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் '78', மறுபக்கம் 'எல்பி' என்று எழுதியிருக்கும். 78-க்கான முனை மூன்று மடங்கு தடித்தது. பிள்ளைகள் விளையாட்டாக அதைத் திருப்பி வைத்திருந்தால், புதுத் தட்டும் கரகரக்கும், கெட்டும் போகும். தட்டு சரியில்லை என்று பழி போடுமுன் அந்த நெம்பைப் பாருங்கள்.

பாட்டி வீட்டு ஊசி தேய்ந்திருந்தது. நாங்கள் விலை கொடுத்து வாங்கச் சொன்ன பொருள் அந்த ஊசி ஒன்றுதான்.

ஊசி வரும்வரை இன்னொரு சிறு கோளாறைப் பிடித்தோம். இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் இடையிடையே கரகரத்தது. அது ஸ்பீக்கரா, அம்ப்ளிஃபையரா, பிளேயரா? அணைத்துவிட்டு, பிளேயரிலிருந்து வரும் இரண்டு ஒலிக் கம்பிகளை இடம் வலமாக மாற்றி மாட்டினோம். கரகரப்பு வலப்பக்கத்துக்குத் தாவியது. தாவினால் கோளாறு கம்பிக்கு அந்தப் பக்கம், அதாவது பிளேயரில். தாவாமல் இடப்பக்கத்திலேயே நின்றிருந்தால் அம்ப்ளிஃபையரில் அல்லது ஸ்பீக்கரில். ஊசித்தலையைக் கழற்றிப் பார்த்தால், அதன் நான்கு சிறு முனைகளில் ஒன்று பச்சை களிம்பேறியிருந்தது. மெல்லத் துடைத்ததும் சரியாயிற்று. சத்தம் கூட்டும் திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், அந்தத் திருகுக்குள் தூசி என்று தெரிந்துகொள்ளுங்கள். அணைத்துவிட்டு இருபது முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பினாலே பெரும்பாலும் குறையும்.

மூன்றாவது உறுமல், நான்காவது ஊளை. இவை இரண்டும் அண்ணன் தம்பி. பிளேயரும் ஸ்பீக்கர்களும் ஒரே பலகை அலமாரியின் மேல் இருந்தன. ஸ்பீக்கர் அதிர, பலகை அதிரும். பலகை அதிர, ஊசி அதிரும். ஊசி அதிர்ந்ததை அம்ப்ளிஃபையர் பெருக்கி மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். வட்டம் சுற்றச் சுற்றச் சத்தம் வளரும். இதற்கு ஒரு சோதனை. தட்டைச் சுற்ற விடாமல், நின்றிருக்கும் தட்டின் மேல் ஊசியை வைத்து, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பாட்டே இல்லாதபோதும் 'ஓ' என்று எழுந்தால், அது இந்த வட்டம்தான். உடனே சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர்களை இறக்கிச் சிமெண்டுத் தரையில் வைத்தோம். பிளேயரின் நான்கு கால்களுக்கும் அடியில் எதை வைப்பது என்று யோசித்தபோது, பாட்டி அறுந்துபோன ஜப்பான் சிலிப்பர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை நான்கு துண்டாக வெட்டி வைத்தோம். ரப்பர் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். "நான் வெட்டின பால் எங்கெல்லாம் போகுது பாரு" என்று பேத்தியிடம் சொன்னார். ஊளை நின்றது. உறுமலும் பெரிதும் குறைந்தது.

உறுமல் இதன் பிறகும் கேட்டால், சுழல் தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் ரப்பர் பட்டையோ, ரப்பர் விளிம்பு வைத்த சிறு சக்கரமோ இருக்கும். சக்கரம் உள்ள பிளேயரை, வேகத் திருகை நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவராமல் பல மாதம் அப்படியே விட்டால், சக்கரம் மோட்டார்த் தண்டை அழுத்தியபடியே இருந்து அந்த இடத்தில் குழி விழும். பிறகு சுற்றும்போதெல்லாம் 'தடக் தடக்' என்று இடிக்கும். ஆகவே பாட்டு முடிந்ததும் திருகை நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறோம். பிள்ளைகள் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும்.

ஒன்று, இரைச்சலுக்குப் பெயர் வையுங்கள்: ரீங்காரமா, பொரிச்சலா, உறுமலா, ஊளையா? இரண்டு, தட்டுச் சுற்றாமலே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தட்டின் மேல் குற்றமில்லை. மூன்று, தேர்வுத் திருகைத் திருப்பிப் பாருங்கள். நின்றால் அம்ப்ளிஃபையரின் பெரும்பகுதியும் ஸ்பீக்கரும் நல்லவை. நான்கு, ஒரு பக்கம் மட்டும் வந்தால், அணைத்துவிட்டு இடம் வலம் மாற்றுங்கள்; தாவுகிறதா, நிற்கிறதா? ஐந்து, கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் இரைச்சல் போனாலும் எதனால் போனது என்று தெரியாது. நாளைக்கு மறுபடி வந்தால் மறுபடி தவிக்க வேண்டும். கடைசியாக, சுவர் பிளக்கின் எர்த் கம்பியில் கை வைக்காதீர்கள்.

இந்த வழி பிளேயருக்கு மட்டும் உரியதன்று. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி ஊளையிட்டாலும், தொலைக்காட்சியில் சத்தம் சரியில்லாவிட்டாலும், காசு கொடுத்து மாற்றுவதற்கு முன் இப்படிப் பாதி பாதியாக விலக்கிப் பார்க்கலாம். எது நல்லது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரிடம், எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

புது ஊசி வந்த பிறகு பாட்டி எங்களை அழைத்திருந்தார். தாத்தாவின் நினைவு நாள் கடந்துவிட்டது, அதனால் என்ன? ஐந்தடியில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் சுத்தமான தட்டு ஒன்று ஓடியது. பிறகு பாட்டி, நன்றாகத் தேய்ந்துபோன தட்டு ஒன்றை எடுத்து மாணவியிடம் கொடுத்தார். அது கரகரத்தது. இந்தக் கரகரப்பு எதனால் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இது போகாது என்பதும் தெரியும். பாட்டி முழுவதும் கேட்டார். அந்த 20 காசை அவர் சாமிப் படத்தட்டில் வைத்திருந்தார்.

சமையலறைக்குப் புதுப் பானை வந்திருந்தது. அண்ணன்தான் தன் சம்பளத்தில் வாங்கினாராம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் துணி மூடிய பிளேயர் ஏதேனும் இருந்தால், வருகிற விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். இந்த அளவில் விடைபெறுகிறோம். வணக்கம்.